மூட்டைக்குள் ஒரு அரை மீசை – பிளாஸ்டிக் கலந்து தார் ரோடு போட்ட அனுபவம்

ரோட்டுக்கு ஜல்லியையும் தாரையும் சூடாக்கிக் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளான்டில் மூன்று வருடம் மேற்பார்வை பார்த்தவன் நான். பிளாஸ்டிக் ரோடு என்றதும் தாரில் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நாங்கள் செய்தது அப்படியில்லை. ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன் மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுவோம். ஒரு நிமிடத்துக்குள் இளகிக் கல்லின் மேல் தோல் போலப் படிந்துவிடும். எண்ணெய் தேய்த்து உட்கார வைத்த பிள்ளை மாதிரி கல் மினுமினுக்கும். அப்புறம்தான் தார். கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்து இரண்டையும் பிரிப்பதால்தான் மழைக்காலத்தில் பல குழிகள் விழுகின்றன. அந்த வழியை இந்தப் பூச்சு அடைக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கொண்டுவந்த முறை இது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 டன் பிளாஸ்டிக் போகும், அந்த அளவுக்குத் தார் மிச்சம். ஒரு டன் கேரி பேக் எவ்வளவு என்பது லாரியில் ஏற்றியவனுக்குத்தான் தெரியும். எடை காட்டாது, இடத்தை மட்டும் அடைக்கும்.

ஒருநாள் காலையில் ஜல்லி சூடாகும் டிரம்மை ஓட்டும் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, இன்னைக்குப் புகை தொண்டையைப் பிடிக்குது, வந்து பாரு." எனக்கும் கண் எரிந்தது. மூட்டையைக் கொட்டிப் பார்த்தால், சரியாக நறுக்காத உள்ளங்கை அகலத் துண்டுகள். ஒன்றில் அரை மீசை, இன்னொன்றில் கும்பிட்ட கை, வேறொன்றில் "வருக வரு". யாரோ ஃபிளக்ஸ் பேனரைச் சேர்த்து நறுக்கி அனுப்பிவிட்டார்கள். ஃபிளக்ஸ் என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை. அந்தச் சூட்டில் அதிலிருந்து அமிலப் புகை கிளம்பும். அதனால்தான் இந்த வேலையில் பிவிசியே கூடாது.

பிளான்டை நிறுத்தினேன். கான்ட்ராக்டர் ஃபோனில் கத்தினார். சைட்டில் ரோலரும் இருபது ஆட்களும் சும்மா நிற்கிறார்களே, கத்தாமல் என்ன செய்வார். கடைசியில் மீதி இருநூறு மீட்டரை வெறும் தாரில் போட்டு முடித்தோம். இரண்டு ஐப்பசி மழை கழித்துப் போனபோது அந்த இருநூறு மீட்டரில்தான் ஜல்லி பெயர்ந்திருந்தது. ஆனால் அங்கேதான் ஓரத்துச் சாக்கடையும் அடைத்திருந்தது, ஆகவே இதைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

இன்றுவரை என்னை உறுத்துவது வேறு. அன்று பொடியாக நறுக்கியிருந்தால் மீசை தெரிந்திருக்காது. அதற்கு முன் எத்தனை மூட்டை அப்படிப் போயிற்றோ.

*

அண்ணா, உங்கள் மூட்டைக் கதையைப் படித்தேன். எங்கள் அம்மா பேரூராட்சியில் குப்பை தரம் பிரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். பிவிசியைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார். கனமாக, கசக்கினால் சத்தமில்லாமல் இருக்குமாம். பால் கவர் என்றால் சலசலக்கும். அவருக்குப் பெரிய பாடு ஃபிளக்ஸ் இல்லை, ஈரம். மிச்சப் பால் ஒட்டிய கவரைக் கழுவி, கொடியில் போட்டுக் காய வைத்துத்தான் நறுக்கும் மெஷினுக்கு அனுப்புகிறார்கள். கார்த்திகையில் எங்கே காயும்? ரோடு போட்டவர்கள் பெயர் பலகையில் வருகிறது, கழுவியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை என்று நான் சொன்னால், "பேரு இருக்கட்டும், முதல்ல கையுறை குடுக்கச் சொல்லு" என்கிறார்.

*

உங்கள் இருவர் எழுதியதையும் படித்தேன். பிளாஸ்டிக்கை வைத்து நான் செய்தது சின்ன வேலை. தண்ணீர் பாட்டிலில் பிஸ்கட் கவர்களைக் குச்சியால் இடித்து அடைத்து, மாமரத்தடியில் ஒரு திண்ணை கட்டினேன். ஒரு பாட்டில் நிரம்ப எங்கள் வீட்டில் இரண்டு வாரம் ஆனது. சிமெண்ட் பூசிய பக்கம் அப்படியே இருக்கிறது. அழகுக்காக வெளியே தெரியவிட்ட பாட்டில்கள் இரண்டு கோடை வெயிலில் நொறுங்கிவிட்டன. கட்டுகிறவர்கள் முழுக்கப் பூசிவிடுங்கள்.

*

தங்கச்சி, அந்தச் சலசலப்புக் கணக்கு பிளான்டில் எங்கள் யாருக்குமே தெரியாது. பாதி ஈரமாக இருந்தாலும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.