டிராக்டர் டிரெய்லரில் ரெண்டு டயரும் உள்பக்கம் மட்டும் தேயுது

வணக்கம். பொள்ளாச்சி பக்கம், திருவிழாக்களுக்கு ஜெனரேட்டர் ஏத்திப் போற ரெண்டு சக்கர டிரெய்லர். 45 எச்பி டிராக்டர், 10க்கு 6 அடி தொட்டி, 60 மி.மீ. சதுர அச்சு, 9.00-16 டயர். 82.5 கேவிஏ ஜெனரேட்டர், கேபிள், லைட் கட்டுற இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்து எடை மேடைச் சீட்டுப்படி லோடு 3 டன்.

மார்கழியில் போட்ட புது டயர்ல பங்குனிக்குள்ள உள்விளிம்பில் நூல் தெரியுது. ஹப் பேரிங் ரெண்டும் மாத்தியாச்சு, அச்சை ஸ்பிரிங் பட்டையோட பிடிக்கிற யு-போல்ட் இறுக்கியாச்சு, காத்து ரெண்டு பக்கமும் சமம், பட்டையும் ஒடியல. ஜெனரேட்டரை முன்னே தள்ளி வெச்சதில் ஓடும்போது டிரெய்லர் பின்பக்கம் அசையுற வால் ஆட்டம் நின்னுச்சு, தேய்மானம் நிக்கல. தூக்குக்குண்டு பிடிச்சுப் பார்த்தா டயரோட மேல்பக்கம் 12 மி.மீ. உள்ளே சாயுது, லோடு இறக்கின பிறகும் அப்படியே. அச்சு வளைஞ்சுபோச்சு, நிமிர்த்திப் போட்டா இந்த லோடுக்கு மறுபடி வளையும்.

75 மி.மீ. அச்சு மாத்தினா போதுமா, இல்ல நாலு சக்கரமாவே மாத்தணுமா?