அப்பாவின் ரிவால்வரில் கீறல்: தேய்க்கலாமா, அப்படியே விடலாமா?

கெடிலக்கரையான் (கடலூர்):

அப்பா வைத்திருந்த .32 வெப்லி அண்ட் ஸ்காட் ரிவால்வர், அவருக்குப் பிறகு முறைப்படி என் பெயருக்கு மாறியது. சுடுவதெல்லாம் கிடையாது. ஆயுத பூஜைக்கும் லைசென்ஸ் புதுப்பிக்கும்போதும்தான் பெட்டியை விட்டு வெளியே வரும். நல்ல கறுநீல நிறம். அப்பா கை படாமல் துணியால் பிடித்துத்தான் எடுப்பார்.

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோரையும்போல நானும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். முடிவுகள் வந்து திரும்ப வாங்கிப் பார்த்தால் வயிறு எரிகிறது. உறையைத் தனியாகவும் ரிவால்வரைத் தனியாகவும் கொடுத்தார்கள். மற்ற துப்பாக்கிகளோடு சேர்த்து இரும்பு பீரோவில் போட்டிருப்பார்கள் போல.

இப்போதைய நிலைமை இது. பேரலின் இடது பக்கம், எழுத்து பொறித்த இடத்துக்குக் கீழே இரண்டு நீளக் கோடுகள். முனைப் பக்கம் வெள்ளை வெள்ளையாகத் தீற்றல். தோட்டா போடும் சிலிண்டரைச் சுற்றி ஒரு வளையக் கோடு. ட்ரிக்கர் கார்டுக்கு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) பின்னால் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள். படங்கள் இணைத்திருக்கிறேன்.

மச்சான் பிராஸோ போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். வீட்டில் புளி போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர், "கொடுங்க சார், பஃப் அடித்து நிக்கல் போட்டுத் தருகிறேன்" என்கிறார். எது சரி?

பழைய இரும்பு (விழுப்புரம்):

சார், மூன்றுமே வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்கு உள்ள வைத்தியம் இதற்கு ஆகாது.

நீங்கள் பார்க்கிற அந்தக் கறுநீலம் பெயின்ட் இல்லை. இரும்பின் மேல்தோலையே வேதிமுறையில் கறுப்பு ஆக்சைடாக மாற்றியிருக்கிறார்கள். ப்ளூயிங் என்பது அதுதான். கனம் சில மைக்ரான் மட்டுமே. புளி, எலுமிச்சை, வினிகர் என்று எந்த அமிலம் பட்டாலும் துருவோடு சேர்ந்து அதுவும் கரைந்து போகும். பத்து நிமிடத்தில் பளிச்சென்றுதான் ஆகும், ஆனால் அது வெறும் இரும்பு பளிச்சிடுவது. பிராஸோவில் அரைக்கும் பொடி இருக்கிறது. அது கோட்டை எடுக்காது, கோட்டைச் சுற்றியுள்ள நிறத்தை எடுக்கும்.

முதலில் ஒன்று. தோட்டா இல்லை என்று சிலிண்டரைத் திறந்து கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். அப்புறம் ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டின் குறுக்கேயும் நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் தட்டினால் அது கீறல். வழுக்கிக்கொண்டு போனால் அது பெரும்பாலும் கீறலே இல்லை. பீரோத் தட்டின் பெயின்டோ, பக்கத்துத் துப்பாக்கியின் அலுமினியமோ பித்தளையோ ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தில் முனையில் தெரியும் வெள்ளைத் தீற்றல் அந்த ரகம் என்றே எனக்குப் படுகிறது. தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பருத்தி பனியன் துணியால் துடைத்துப் பாருங்கள்.

சிலிண்டர் வளையத்துக்கு யாரையும் திட்ட வேண்டாம். சிலிண்டர் சுற்றும்போது அதை நிறுத்துகிற சின்னப் பல் உரசி உரசி வருவது அது. ஓடிய ரிவால்வர் எல்லாவற்றிலும் இருக்கும். உங்கள் அப்பா காலத்திலேயே இருந்திருக்கும், இப்போதுதான் கண்ணில் படுகிறது.

முதுநகர் காற்று (கடலூர் ஓ.டி.):

எல்லோரும் கீறலைப் பேசுகிறீர்கள். எனக்குப் பயம் அந்தச் செம்புள்ளிதான். நம் ஊரில் கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் எந்த வீட்டு கேட்டையும் போய்ப் பாருங்கள், பெயின்ட் அடித்த மறு வருஷமே கீல் பக்கம் உப்பிக்கொண்டு நிற்கும். ஒப்படைத்த இடத்தில் எண்ணெய்த் துணியால் யார் துடைக்கப் போகிறார்கள்? கைரேகை வியர்வையோடு இரண்டு மாதம் கிடந்தால் இதுதான் நடக்கும்.

புள்ளிக்கு நாலு பூஜ்ய ஸ்டீல் வூல் வாங்குங்கள். பாக்கெட்டில் 0000 என்று போட்டிருக்கும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் இல்லை, அது கோடு போட்டுவிடும். எண்ணெய் சொட்டச் சொட்ட நனைத்து, இரண்டு விரல் நுனியால், அழுத்தாமல் வட்டமாக. எண்ணெய் பழுப்பாக மாறினால் துரு வருகிறது என்று அர்த்தம். துடையுங்கள், புது எண்ணெய் விடுங்கள், மறுபடியும். இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிடுங்கள். துரு போன இடத்தில் சின்னக் குழி மிஞ்சினால் மிஞ்சட்டும்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாள்பட்டால் பிசினாகும், தூசியைப் பிடித்து வைக்கும். மினரல் ஆயில்தான் சரி.

இன்னொன்று, தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். பதனிடும்போது சேர்த்த உப்பும் அமிலமும் தோலில் மிச்சம் இருக்கும், ஈரத்தையும் அது விடாது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது எங்கள் வீட்டில் உறையோடு வைத்திருந்த துப்பாக்கி, உறை தொட்ட இடத்தில் மட்டும் அச்சாகத் துருப்பிடித்துவிட்டது. திறந்திருந்த பக்கம் ஒன்றும் ஆகவில்லை.

சில்வர்பீச் சிவா:

கறுப்பு பர்மனென்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டு எண்ணெய் தடவுங்க அண்ணே. மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது. செலவு முப்பது ரூபாய்.

பழைய இரும்பு:

சிரிக்க வேண்டாம், தம்பி சொல்வதில் தப்பில்லை. திரும்ப அழிக்க முடிகிற ஒரே வைத்தியம் அதுதான். பிடிக்கவில்லையென்றால் ஸ்பிரிட்டில் துடைத்தால் போய்விடும்.

மஞ்சக்குப்பம் வக்கீல்:

பட்டறை விஷயத்தை யாரும் தொடவில்லையே. அதுதான் இதில் பெரிய வில்லங்கம்.

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5-இன்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். பைக் சைலன்சருக்கு குரோம் போடுகிறவரிடம் அது இருக்காது. அவர் கையில் நீங்கள் இதை விட்டுவிட்டு வந்தால் இரண்டு பேருக்கும் சிக்கல்.

அடுத்தது பிரிவு 8. துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. பஃப் சக்கரம் கீறலை மட்டும் பார்த்து அரைக்காது. பேரலில் இருக்கும் எழுத்து, பர்மிங்காம் சோதனைக் கூடத்தின் கிரீட முத்திரை, வரிசை எண் எல்லாம் மழுங்கும். அடுத்த முறை புதுப்பிக்கப் போகும்போது எண் சரியாகப் படிக்க முடியவில்லை என்றால், கீறல் விழுந்த கதையைச் சொல்லி அங்கே தப்பிக்க முடியாது.

லைசென்ஸ் பெற்ற கன்ஸ்மித்திடம், அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம், கொண்டுபோகலாம். நீங்களே போவது நல்லது. முடியாவிட்டால், பழுது பார்ப்பதற்காக உங்கள் எழுத்துபூர்வ அனுமதியோடு வேறொருவர் எடுத்துப் போகச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் லைசென்ஸில் 'எந்தப் பகுதிக்குச் செல்லும்' என்ற இடத்தை முதலில் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், பக்கத்தில்தானே பாண்டிச்சேரி என்று முள்ளோடையைத் தாண்டிவிடாதீர்கள். நமக்கு டவுன் பஸ் தூரம்தான், சட்டத்துக்கு அது வேறு யூனியன் பிரதேசம். சென்னைக்குப் போவது தூரமென்றாலும் அதுதான் நிம்மதி.

கெடிலக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எண்ணெய் ஊறவைத்துத் துடைத்ததில் முனையிலிருந்த வெள்ளை முழுவதும் போய்விட்டது. அடியில் நிறம் அப்படியே இருக்கிறது. துணியில் சாம்பல் நிறப் பிசுக்கு வந்தது, பீரோ பெயின்ட் நிறமேதான். செம்புள்ளிகளும் ஸ்டீல் வூலில் போயின. ஒரே ஒரு இடத்தில் குண்டூசிக் குத்து மாதிரி குழி. பேரல் கோடுகளில் மேல் கோடு நகத்துக்குத் தட்டவில்லை, எண்ணெயில் பாதி மங்கிவிட்டது. கீழ்க்கோடு தட்டுகிறது. வெள்ளை இரும்பு தெரிகிறது, முக்கால் அங்குலம் இருக்கும். அதற்கு மட்டும் ஏதாவது செய்யலாமா? கோல்டு ப்ளூ (cold blue) என்று, சூடாக்காமல் பூசி நிறமேற்றும் ஒரு திரவம் இருக்கிறதாமே?

பழைய இரும்பு:

இருக்கிறது. பர்ச்வுட் கேசி கம்பெனியின் பெர்மா ப்ளூ மாதிரி. கன் ஹவுஸில் கேளுங்கள். ஆனால் அது செய்வது நிறம் மட்டும், கீறலின் பள்ளத்தை நிரப்பாது. தொழிற்சாலையில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் சேர்ந்த கரைசலை 140 டிகிரி அளவுக்குக் கொதிக்க வைத்து முக்கி எடுக்கும் ப்ளூயிங் வேறு, இது வேறு. இதில் செலினியமும் செம்பும் இரும்பின் மேல் படிகிறது, அவ்வளவுதான். உழைப்பதும் குறைவு.

போடுவதென்றால் எண்ணெய்ப் பசை ஒரு துளியும் இருக்கக் கூடாது. பாதிப் பேருக்குத் திட்டுத் திட்டாக வருவது இதனால்தான். பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு, கோட்டையும் ஓரத்தையும் மட்டும் துடையுங்கள். அசிட்டோன் கிரிப் பக்கம் போகவே கூடாது, பழைய பேக்கலைட், ரப்பர் கிரிப்பெல்லாம் மங்கிவிடும். கிரிப்பைக் கழற்றலாம் என்று தோன்றும். ஸ்குரூ காடிக்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்குரூடிரைவர் இல்லையென்றால் தொடாதீர்கள். காடி பிய்ந்த ஸ்குரூ, கீறலைவிட அசிங்கமாகத் தெரியும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், செலினியம் விஷம். ஜன்னல் திறந்திருக்கட்டும். வேறொரு குச்சியில் திரவத்தை ஒரே இழுப்பாக இழுத்து, புட்டியில் போட்டிருக்கும் நேரம் விட்டு, தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவையுங்கள். நிறம் போதாவிட்டால் இன்னொரு முறை. பிறகு எண்ணெய் தடவி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தால் திரவம் சரியாகப் போகவில்லை, மறுபடி கழுவி எண்ணெய் விட வேண்டும்.

முதுநகர் காற்று:

நான் இதற்கு எதிர்க்கட்சி. முக்கால் அங்குலக் கோட்டுக்கு இத்தனை பாடு எதற்கு? கோல்டு ப்ளூ பழைய நிறத்தோடு அப்படியே ஒத்துப்போகாது, வெயிலில் பார்த்தால் ஒட்டுப் போட்டது தெரியும். பழைய வெப்லியை அறிந்தவர்கள் தேய்ந்துபோன அசல் நிறத்துக்குத்தான் மதிப்புக் கொடுப்பார்கள், புதுசாக முக்கி எடுத்ததற்கு இல்லை. தினமும் உப்புக் காற்றில் நிற்பது அந்த வெள்ளைக் கோடுதான், சரி. அதற்கு எண்ணெய்ப் படலம் போதும். அல்லது நிறமில்லாத கார் வேக்ஸ் லேசாக.

பழைய இரும்பு:

எண்ணெய் போதும், தவறாமல் தடவினால். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறப்பாரா என்பதுதான் கேள்வி.

கெடிலக்கரையான்:

திறப்பேன். கோட்டை அப்படியே விட்டுவிடுகிறேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், எண்ணெய்த் துணி எல்லாம் வாங்கியாயிற்று, பூட்டு பீரோவுக்குத்தான். ஜெல் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? பூஜைக்குச் சந்தனம் வைப்பதை அம்மா விடமாட்டார்கள், அதற்கு என்ன செய்ய?

முதுநகர் காற்று:

நிறம் மாறுகிற ஜெல்லாக வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையாக மாறினால், அடுப்பில் வாணலியை மிதமாகச் சூடாக்கி வறுத்தால் பழையபடி ஆரஞ்சாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி பாருங்கள்.

சந்தனம் பெட்டி மூடியில் வைக்கச் சொல்லுங்கள். ஈரச் சந்தனத்தை இரும்பில் வைத்து ஒரு ராத்திரி விட்டால் பொட்டு வைத்த இடத்திலேயே வட்டமாகத் துரு வரும்.

மஞ்சக்குப்பம் வக்கீல்:

அடுத்த முறை ஒப்படைக்கும்போது நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எண்ணெய் தடவி, துணிப் பையில் போட்டு, பையோடு வாங்கிக்கொள்ளச் சொல்லி, 'இந்தக் கோட்டைத் தவிர வேறு கீறல் இல்லை' என்று ரசீதில் ஒரு வரி கேளுங்கள். எழுதித் தராவிட்டாலும் நீங்கள் கேட்டது நினைவில் இருக்கும், கொஞ்சம் பார்த்து வைப்பார்கள். பிரிவு 21-இல் லைசென்ஸ் பெற்ற டீலரிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது. கட்டணம் கேட்பார்கள், ஆனால் ரேக்கில் நிற்கவைப்பார்கள்.

புதுவை பத்துமீட்டர் (லாஸ்பேட்டை):

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பிடிக்கு மேலே இதே மாதிரி ஒரு கோடு. அலுமினிய பாடி. கோல்டு ப்ளூ அதற்கும் பிடிக்குமா?

பழைய இரும்பு:

பிடிக்காது. அது இரும்புக்கு உள்ள மருந்து. அலுமினியத்தில் உங்களுக்கு இருப்பது அனோடைஸ் செய்த படலம், அதற்கு அலுமினிய பிளாக் என்று தனித் திரவம் உண்டு. முதலில் நகத்தால் தட்டிப் பாருங்கள், அப்புறம் படத்தோடு தனியாகக் கேளுங்கள்.