குடும்பத்தோடு காரில் செல்லும்போது பதற்றம் குறைய: டெல்டா சாலை அனுபவங்கள்

தஞ்சாவூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

குடும்பத்தோடு காரில் செல்லும்போது வரும் பதற்றத்திற்குச் சாலையையும் எதிரே வரும் பேருந்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். நம் டெல்டா சாலைகள் பல குறுகியவை என்பதிலும், ஆற்றங்கரையை ஒட்டி வளைந்து செல்லும் இடங்களில் ஒதுங்க இடம் கிடைக்காது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அதே சாலையில் தனியாகச் செல்லும்போது வராத எரிச்சல், அம்மாவும் மனைவியும் பிள்ளைகளும் உடன் இருக்கும்போது வருகிறதென்றால், அது வீட்டிலேயே நாம் போட்ட நேரக் கணக்கிலிருந்துதான் வருகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

நவக்கிரகக் கோயில் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திங்களூர் திருவையாற்றுக்கு அருகில் இருக்கிறது. கீழப்பெரும்பள்ளமோ பூம்புகார்ப் பக்கம், ஏறக்குறைய கடலோரத்தில் இருக்கிறது. ஆலங்குடி நீடாமங்கலத்துக்கு அருகிலும், திருநள்ளாறு காரைக்கால் பகுதியிலும் இருக்கின்றன. இப்படிச் சிதறிக் கிடக்கும் ஒன்பது தலங்களையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று விடியுமுன் கிளம்புகிறவர்கள் ஏராளம். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள் என்பதால், காலை பதினொரு மணியைத் தாண்டியதும் காருக்குள் எல்லோருடைய பேச்சும் அதைப் பற்றியே ஆகிவிடுகிறது. ஓட்டுகிறவர் தம்மை அறியாமலேயே வேகத்தைக் கூட்டுகிறார்.

அந்த வேகத்தால் கிடைப்பது என்ன என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 48 நிமிடம் ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 40 நிமிடம் ஆகும். மிச்சம் எட்டு நிமிடம்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது என்பதையும், பின்னிருக்கையில் சண்டையிடும் பிள்ளைகளை அதட்டுவதற்காக இரண்டு நொடி தலையைத் திருப்பினால் அவ்வளவு தூரத்தைப் போல் இருமடங்கு தூரத்தைச் சாலையைப் பாராமலே கடக்கிறோம் என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்த எட்டு நிமிடம் வேண்டவே வேண்டாம் என்றுதான் தோன்றும்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு நாளில் எத்தனை கோயில் என்பதை முதல் நாள் இரவே அம்மா முடிவு செய்துவிடுவார். ஒன்றுக்கொன்று அருகிலுள்ள சூரியனார்கோயிலையும் கஞ்சனூரையும் காலையில் பார்த்துவிட்டு, திருநாகேசுவரம் வழியாகக் கும்பகோணம் வந்து, சாப்பிட்டு, நடை சாத்தியிருக்கும் நேரம் முழுவதும் ஓய்வெடுத்துவிட்டு, மாலையில் ஆலங்குடிக்குச் செல்வோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்கக் கலக்கத்தோடு ஓட்ட வேண்டிய நிலையும் இதனால் வருவதில்லை. மற்றத் தலங்களை வேறொரு நாளில் தரிசிக்கலாம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒருமுறை எங்களுக்குப் பக்கத்தில் நின்ற வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், இன்ஜினை நிறுத்திவிட்டு, தம் காரிலிருந்த பெரியவர்களை இறங்கிக் கால்நீட்டிக்கொள்ளச் சொன்னார். நேரமாகிறதே என்ற கவலை அவர் முகத்தில் சிறிதும் இல்லை. விசாரித்தபோது, "கிளம்பும்போதே கேட்டுக்கு அரைமணி நேரம் சேர்த்துத்தான் சொல்லுவேன் சார். கேட் திறந்திருந்தா அந்த நேரத்துல டீ குடிச்சிக்கலாம்" என்றார். அன்றிலிருந்து நானும் அந்த அரைமணியைச் சேர்த்தே வீட்டில் நேரம் சொல்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா எழுதியிருப்பதோடு, ஓட்டாமல் உடன் செல்கிறவர்களின் பங்கையும் சொல்ல விரும்புகிறேன். கல்யாணத்துக்குச் செல்லும்போது மண்டபத்திலிருந்து "எங்கே வர்றீங்க?" என்று அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். கணவரின் கைப்பேசியை வண்டி கிளம்புமுன்பே நான் வாங்கி வைத்துக்கொள்வேன். வழி பார்ப்பதும் பதில் சொல்வதும் என் வேலை.

என் மாமியார் பின்னிருக்கையிலிருந்து ஓயாமல் "பாத்து, பாத்து" என்பார். மேட்டூர் அணை திறந்து வாய்க்கால்களில் தண்ணீர் கரைதொட்டு ஓடும் மாதங்களில்தான் இது அதிகமாக இருந்தது. இடப்பக்க ஜன்னலோரம் அமர்ந்திருந்த அவருக்குத் தண்ணீர் சக்கரத்தை ஒட்டி ஓடுவதைப் போலத் தெரிந்திருக்கிறது. ஓட்டுநருக்குப் பின்னே, வலப்பக்கம் இடம் மாற்றி உட்காரவைத்ததும் அந்தப் பயம் பெரும்பாலும் விலகியது. வயதானவர்களின் எச்சரிக்கையை நச்சரிப்பு என்று ஒதுக்காமல், அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பிள்ளைகள் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தால் வளைவுகளில் குமட்டல் வரும். எங்கள் வண்டியில் அதற்கு அனுமதி இல்லை. பின்னிருக்கையிலும் சீட் பெல்ட் உண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 14 வயது நிறையாத பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அதைவிட, மடியில் வைத்த குழந்தையைத் திடீர்ப் பிரேக்கின்போது கையால் பிடித்து நிறுத்த இயலாது என்பதே முக்கியம்.

தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடையின்போது சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் மீதியும் அடைபடும். நெல்லைச் சுற்றி வைத்திருக்கும் கற்கள் இருட்டில் தெரியமாட்டா. ஆகவே அந்த மாதங்களில் எந்த விசேஷமானாலும் பொழுது சாயுமுன் புறப்பட்டுவிடுவோம் என்று, அழைக்க வரும்போதே உறவினர்களிடம் சொல்லிவிடுகிறோம். இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கவில்லை என்று யாரும் வருத்தப்படுவதில்லை.