லீவில் போன இடத்தில் விசுவாசம் ஆழப்பட்டதுண்டா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

மணப்பாட்டுப் பேத்தி (திண்டுக்கல்)

எல்லாருக்கும் இயேசுவுக்கே புகழ்!

பள்ளிக்கூடம் அடைத்ததும் கோயிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக் கொடுக்கும் மறைக்கல்வி வகுப்பும் நின்றுபோகும். ஜூனில் பிள்ளைகள் திரும்பி வரும்போது பாதி செபம் மறந்திருக்கும். எங்கள் பங்கில் (எங்கள் ஊர்க் கோயில் சபையில்) மறைக்கல்வி எடுப்பவள் நான். வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆனால் சில பிள்ளைகள் மட்டும் லீவு முடிந்து வரும்போது கேள்விகளோடு வருவார்கள். விசாரித்தால் எங்கேயோ போயிருப்பார்கள், யாரையோ பார்த்திருப்பார்கள். வீட்டில் இருக்கும்வரை அம்மா கூப்பிட்டதும் செபமாலைக்கு உட்கார்ந்துவிடுகிறோம். வெளியூரில் கூப்பிட ஆளில்லை. செபிப்பதா வேண்டாமா என்பதை நாமே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி நீங்கள் முடிவெடுத்த ஒரு நேரத்தை, அதற்குக் காரணமான ஒரு ஆளை இங்கே எழுதுங்கள். முதலில் என் கதை.

என் அம்மா பிறந்த ஊர் மணப்பாடு. கடலை ஒட்டிய மணல்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. 1581-இல் கட்டியது என்பார்கள். குன்றின் கடல் பக்கச் சரிவில், ஐரோப்பாவிலிருந்து வந்து இந்தக் கரையில் வேதம் போதித்த புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை இருக்கிறது. போன மே மாதம் என் மகளைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் அங்கே இறங்கினேன். உள்ளே ஒரு பாட்டி தரையில் உட்கார்ந்து சத்தமாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். மாலையில் ஒவ்வொரு பத்து மணியையும் உருட்டி முடித்ததும் யார் யாரோ பெயரைச் சொன்னார். மகன் பெயர், மருமகன் பெயர், அப்புறம் படகில் கூடப் போனவர்கள் பெயர். என் மகள் பக்கத்தில் போய் நின்றாள். பாட்டி நிறுத்தாமல், "ஒங்கப்பா எங்க இருக்காவ?" என்று கேட்டார். "துபாய்ல" என்றாள். பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பத்து மணியில் அதையும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பத்து மணியை என் மகளும் கூடவே சொன்னாள். வீட்டில் மூன்றாவது மணியிலேயே கொட்டாவி விடுகிற பிள்ளை.

சவேரியார் 1544-இல் எழுதிய கடிதத்தில், தமிழ் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மந்திரம், பத்துக் கட்டளைகள் எல்லாவற்றையும் தமிழாக்கியதையும், கையில் மணியோடு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்வித்ததையும் சொல்கிறார். வகுப்பில் இதைப் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதே கரையில், அதே செபத்தை, முன்பின் தெரியாத ஒரு பாட்டியோடு என் பிள்ளை சொல்லக் கேட்டபோது எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. இப்போதும் அவள் செபமாலையில் பெயர்களைச் சொல்கிறாள். அந்தப் பாட்டியின் மகன் பெயரும் அதில் இருக்கிறது.

நடைப்பயணி (சென்னை)

அக்கா, பெயர் சொல்லிச் செபிப்பதைப் படித்ததும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் கடைசியில் லீவு சேர்த்து வைத்துக்கொண்டு எங்கள் பகுதிக் குழுவோடு வேளாங்கண்ணிக்கு நடந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று 300 கிலோமீட்டருக்கு மேல். காவி உடை, முன்னால் மாதா சுரூபம் வைத்த சின்ன சப்பரம், அதில் ஒரு மைக் செட். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பழகிய காலுக்குத் தார்ச்சாலை என்றால் என்னவென்று மரக்காணத்துக்கு இந்தப் பக்கமே தெரிந்துவிட்டது. கொப்புளம் வந்தால் ஊசியில் நூலைக் கோத்து ஒரு பக்கம் குத்தி மறு பக்கம் எடுத்து, நூலை அப்படியே விட்டுவிடுவார்கள். நீர் நூல் வழியாக வடிந்துவிடும். தோல் உரியாது. இதை எனக்குச் செய்துவிட்டவர் மீன் மார்க்கெட்டில் வேலை செய்கிற ஒரு அண்ணன். ராத்திரி பள்ளிக்கூட வராந்தாவில் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு செய்தார். பெரிய வியாழன் பூசையில் சாமியார் பாதம் கழுவுவதைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். என் காலை இன்னொருவர் கையில் கொடுத்தது அன்றைக்குத்தான். கூச்சமாக இருந்தது. பேதுரு "என் காலை நீர் கழுவவே கூடாது" என்று ஏன் சொன்னார் என்பது எனக்கு அந்த வராந்தாவில் புரிந்தது.

நான் சொல்ல வந்த ஆள் வேறு. நாகூர் பக்கத்தில் சாலையோரம் ஒரு முஸ்லிம் பெரியவர் குடத்தில் நன்னாரி சர்பத் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு நகரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, மக மாசமா இருக்கா. ரெண்டு தடவ தங்கல. மாதாகிட்ட சொல்லிடு" என்றார். அவர் கை நடுங்கியது. மகள் பெயரைக் கேட்டு உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

நான் கிளம்பியது என் வேலைக்காக. ஆட்குறைப்புப் பட்டியலில் பெயர் வந்துவிடுமோ என்கிற பயம் வழி நெடுக இருந்தது. வேளாங்கண்ணியில் கூட்டத்தோடு கூட்டமாகப் பீடத்துக்கு முன்னால் போய் நின்றபோது வாயில் முதலில் வந்தது அந்தப் பெண்ணின் பெயர். அதன் பிறகு என் விண்ணப்பத்தையும் சொன்னேன், ஆனால் அந்தப் பயம் முன்பு மாதிரி இல்லை. அடுத்தவருக்காகக் கேட்கப் போன இடத்தில் எனக்கு வேண்டியதும் கிடைத்தது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். அவர் மகளுக்கு என்ன ஆனது என்று தெரியாது. தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழந்தாளில் போகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வேடிக்கை பார்க்கிற மாதிரி இல்லாமல், கூடவே மெதுவாக நடந்து.

இரவுப்பணி செவிலி (மதுரை)

எனக்கு இவ்வளவு லீவு கிடைக்காது. கிடைத்த சொற்ப நாளில் கேரளாவில் முரிங்ஙூர் தியான மையத்தில் தமிழ்த் தியானத்துக்குப் போனேன். சாலக்குடியில் ரயிலை விட்டு இறங்கினால் பக்கம். போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். வார்டில் பார்த்த மரணங்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஷிப்ட் முடிந்தால் கை கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவோம். பாவசங்கீர்த்தனத்துக்கு (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு) உட்கார்ந்தபோது பாவத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது. வயதான சாமியார். அவசரப்படுத்தவில்லை. "அவங்க பேரெல்லாம் ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அடுத்த நாள் பூசையில் இறந்தவர்களை நினைக்கும் இடத்தில் அவர் கொஞ்சம் நிறுத்தினார்.

இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். "ஒரே நாளில் ஏழு திருத்தலம்" என்று வேன் பிடித்து ஓடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பூண்டியில் இறங்கி ஒரு மெழுகுவர்த்தி, ஏலாக்குறிச்சியில் ஒரு செல்ஃபி என்று ஓடினால் யாரைச் சந்திக்க முடியும்? ஒரு இடம் போதும். ஒரு பூசை முழுசாகப் பாருங்கள்.

தம்மாம் வாசி (சவூதி)

நான் இருக்கும் நாட்டில் கோயில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். கிறிஸ்துமஸும் வேலை நாள்தான். ஊரில் இருந்தபோது கோயில் மணி காதில் விழாத நாள் கிடையாது. பங்குத் திருவிழா, நவநாள், தேர், அசனம் (ஊர் விருந்து) என்று எல்லாம் தானாக நடந்தது. இங்கே வந்த பிறகுதான் நற்கருணைக்கு (பூசையில் வாங்கும் திருவப்பத்துக்கு) ஏங்குவது என்றால் என்ன என்று தெரிந்தது.

பக்கத்து நாடு பஹ்ரைன். கடல் மேல் 25 கிலோமீட்டர் பாலம். விசாவும் லீவும் ஒத்து வந்தால் வெள்ளிக்கிழமை அதிகாலையில் நண்பர்களோடு காரில் கிளம்பிவிடுவோம். மனாமாவில் திருஇருதய ஆலயம் இருக்கிறது. அவாலியில் அரேபியாவின் அன்னை பேராலயம் 2021 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. அடுத்த வருஷமே திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே வந்தார்.

முதல் தடவை போனபோது மனாமா கோயில் முற்றம் முழுக்க ஆட்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள், மலையாளிகள், கோவாக்காரர்கள், நம் ஆட்கள். பாவசங்கீர்த்தன வரிசையில் எனக்கு முன்னால் ஒரு இலங்கைப் பெண். வீட்டு வேலைக்கு வந்தவர். "மாசத்தில ஒருநாள்தான் அண்ணா வெளியில விடுவினம்" என்றார். அந்த ஒரு நாளில் கடைத்தெருவுக்குப் போகலாம், படுத்துத் தூங்கலாம். அவர் இங்கே வந்து வெயிலில் நிற்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மாற்றுச் சேலை. வேலைக்கு உடுத்திய உடையோடு நன்மை (நற்கருணை) வாங்க மனசு வரவில்லையாம், கழிப்பறையில் மாற்றிக்கொண்டு வந்தாராம். அவருக்குப் பின்னால் நின்ற நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

இப்போது ஊருக்கு லீவில் வந்தால் விடியற்காலைப் பூசையை விடுவதில்லை. நாலைந்து பாட்டிமார், இரண்டு சிஸ்டர், நான். "ஃபாரின்ல இருந்து வந்தவன் இப்படி எழுந்திருக்கிறானே" என்று அம்மாவுக்கு ஆச்சரியம். நடந்தே போகிற தூரத்தில் பீடமும் சாமியாரும் இருப்பது எவ்வளவு பெரிய வரம் என்று இளவட்டங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோவை அப்பா

என் பையன் பதினொன்றாவது படிக்கிறான். உறுதிப்பூசுதலுக்கு (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்குக்கு) ஒரு புனிதரின் பெயரைத் தேர்ந்து கொடுக்கச் சொன்னபோது, "எல்லாம் வெளிநாட்டு சாமியாருங்க, நமக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்" என்றான். நான் வாதாடவில்லை. காலாண்டு லீவில் கன்னியாகுமரி போகலாம் என்று கூட்டிப் போனேன். சூரிய உதயம் பார்த்துவிட்டு வண்டியைப் புலியூர்க்குறிச்சிக்கு விட்டேன்.

அங்கே உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டு, அவருக்கே படைத்தளபதியானவர். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும். பையன் கைவிரலால் தமிழ் எழுத்தைத் தடவித் தடவிப் படித்தான். இந்த டிலனாய்தான், சொத்தும் மாடும் இழந்து சோர்ந்துபோயிருந்த அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளைக்கு விவிலியத்திலிருந்து யோபு கதையைச் சொன்னவர். நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். பக்கத்தில்தான் முட்டிடிச்சான்பாறை. சித்திரவதைப்பட்டு இழுத்துப் போகப்பட்டபோது தாகத்தில் முழங்கையால் பாறையில் இடித்தார், தண்ணீர் வந்தது என்பது மரபு. பாறைக்குழியில் இன்றும் தண்ணீர் இருக்கிறது. அங்கே இருந்த ஒரு அம்மா சின்ன டம்ளரில் மொண்டு பையனிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தான்.

அப்புறம் ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக் கொன்ற இடம். காற்று ஆளைத் தள்ளுகிறது. "சாமியாரா இருந்தாராப்பா?" என்று கேட்டான். இல்லை, கல்யாணம் ஆனவர், வேலை பார்த்தவர், நம்மைப் போல என்றேன். 2022 மே 15-இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று சொன்னார்கள் அல்லவா, அதையும் சொன்னேன். கோட்டாறு பேராலயத்தில் அவர் கல்லறைக்குப் பக்கத்தில் பையன் தானாக முழந்தாள் போட்டான். நான் வெளியே வந்து காத்திருந்தேன். உறுதிப்பூசுதலுக்கு அவன் கொடுத்த பெயர் தேவசகாயம்.

மன்னார்க்காரி (டொரன்டோ)

எங்கட பிள்ளைகள் கனடாவில் பிறந்ததுகள். ஆவணித் திருவிழாவுக்கு இலங்கையில் மன்னார்ப் பக்கம் இருக்கிற மடு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காட்டுக்குள் கூடாரம் அடித்து, கல் வைத்துச் சமைத்து, இரவில் மரங்களுக்கு நடுவில் எத்தனையோ குடும்பங்கள் செபமாலை சொல்லுற சத்தம். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு அம்மம்மா. தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், இதே வளவில் அகதியாக இருந்தவ. 1999 கார்த்திகையில் கோயில் வளவில் எறிகணை விழுந்தபோதும் இங்கேதான் இருந்தவவாம். 2008-இல் மாதாவின்ர சுரூபத்தைக் குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோன கதையையும் அவதான் சொன்னா. "மாதாவும் எங்களோட இடம்பெயர்ந்தவ தானே பிள்ளை" என்றா. என்ர மூத்தவள் அவவிட்ட, "உங்களுக்குக் கோபம் வரேல்லையா?" என்று கேட்டாள். "வந்தது. அதையும் இவவிட்டத்தான் சொன்னனான்" என்று பீடப் பக்கம் கையைக் காட்டினா. மகள் இப்ப கோபம் வந்தால் அறைக்குள் போய் செபமாலையை எடுக்கிறாள். சண்டை பிடிக்கிற மாதிரித்தான் சொல்லுறாள், ஆனால் சொல்லுறாள்.

இரவுப்பணி செவிலி (மதுரை)

கோவை அண்ணா, தேவசகாயம் திருநாள் ஜனவரி 14 என்றால் பொங்கல் லீவோடு சேர்ந்து வருகிறதே! காற்றாடிமலைக்கு ஏறுவது வயதானவர்களுக்குக் கஷ்டமாக இருக்குமா? அம்மாவையும் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன்.

கோவை அப்பா

தாராளமாகக் கூட்டி வாங்க சிஸ்டர். கீழே கோயில் வரை வண்டி போகும். மேலே பாறைப் பக்கம் போகும்போது மட்டும் அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று பலமாக இருக்கும். முதலில் கோட்டாறு, அப்புறம் முட்டிடிச்சான்பாறை, சாயங்காலம் காற்றாடிமலை என்று வைத்துக்கொண்டால் வெயிலும் தாழ்ந்திருக்கும். நாங்களும் வருகிறோம். பையன் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.