புதுப்பிப்பு: ஸ்டிஃப்னருக்குள் இருந்த ரப்பர் கட்டையை மாற்றிவிட்டோம்

கார்பன் இழைப் பலகையோடு தொப்பி வடிவ ஸ்டிஃப்னர்களையும் (பலகை வளையாமல் தாங்கும், உள்ளீடற்ற விறைப்புப் பட்டைகள்) ஒரே சூட்டில் இறுக வைக்கிறோம். அவை அமுங்காமல் இருக்க உள்ளே வைக்கும் சிலிகோன் ரப்பர் கட்டை பலகையில் பள்ளம் பதிக்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். காரணம் வெப்ப விரிவுதான். அந்த ரப்பர் டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 250 மைக்ரோமீட்டர் நீளும். அறை வெப்பத்திலிருந்து 180 டிகிரி செல்சியஸுக்குப் போனால் கிட்டத்தட்ட 4 சதவீதம், 40 மி.மீ. உயரக் கட்டைக்கு ஒன்றரை மி.மீ.! கார்பன் அடுக்கோ கிட்டத்தட்ட விரிவதே இல்லை. கட்டைக்குப் போக வழியில்லாமல் பலகையை அழுத்தியிருக்கிறது.

இப்போது உள்ளீடற்ற ரப்பர் குழாய்க்கு மாறிவிட்டோம். அதன் முனைகள் வெற்றிடப் பைக்கு (பலகையை மூடிக் காற்றை உறிஞ்சி எடுக்கும் உறை) வெளியே, ஆட்டோகிளேவ் (சூடும் அழுத்தமும் தரும் மூடிய கலன்) வாயுவுக்குத் திறந்திருக்கின்றன. உள்ளேயும் வெளியேயும் அதே 7 பார் அழுத்தம் என்பதால் ஸ்டிஃப்னரின் சுவர் சரிவதில்லை, பள்ளமும் மறைந்தது. இறுகிய பின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் குழாய் மெலிந்து தானாக விலகி வருகிறது. பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் இரண்டாம் பலகை வீணானது. குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை. வாயு அடுக்குகளுக்குள் புகுந்து, மீயொலிச் சோதனையில் நுண்துளைகள் தெரிந்தன. அதனால் ஒவ்வொரு முறையும் குழாயில் காற்றடைத்து, சோப்பு நீர் தடவிப் பார்த்த பிறகே கார்பன் இழையை அடுக்குகிறோம். இதைத் தவிர்க்கவே கூடாது.

வளைந்த ஸ்டிஃப்னரை இன்னும் முயலவில்லை. அடுத்த வாரம் தொடங்குகிறோம்.