‘ஐசிஜீசிஸ்’ – தமிழில் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

வேதாகம விளக்க முறை பற்றிய பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இறையியல் முதலாண்டு மாணவர்களுக்கானது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வசனத்திலிருந்து பொருளை எடுப்பது எக்ஸிஜீசிஸ். நம் கருத்தை வசனத்துக்குள் வைத்துவிட்டு, வசனமே அதைச் சொல்வதாகப் படிப்பது ஐசிஜீசிஸ். முதலாவதற்குப் ‘பொருள்கோள்’ என்று போட்டுவிட்டேன். இரண்டாவதை ‘வலிந்து பொருள் கொள்ளுதல்’ என்று எழுதிவந்தேன். தலைப்பிலும் சொல்லடைவிலும் அது நீண்டு தொங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த இயலில் பாதி, ஞானஸ்நானம், ஆயிரவருட அரசாட்சி, அந்நியபாஷை, விசுவாசமும் கிரியையும் என்று சபைகள் பிரிந்து நிற்கும் கேள்விகளைப் பற்றியது. எதிர்த்தரப்பைச் சாட ஒவ்வொரு தரப்பும் எடுக்கும் சொல் இதுதான். இரு தரப்பு மாணவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கக்கூடிய சொல்லாக வேண்டும்.

போதகர்:

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சகோதரி, புதிதாகத் தேட வேண்டாம், வேதத்திலேயே இருக்கிறது. 2 பேதுரு 3:16. பவுலின் நிருபங்களைக் கல்லாதவர்களும் உறுதியில்லாதவர்களும் ‘புரட்டுகிறார்கள்’. 2 கொரிந்தியர் 4:2-இலும் தேவவசனத்தைப் புரட்டாதிருப்பதைப் பற்றித்தான் பேச்சு. ‘வேதப்புரட்டு’ என்று போடுங்கள். எந்தச் சபையில் சொன்னாலும் புரியும்.

கிரேக்க மாணவர்:

பாஸ்டர், அந்த இரண்டு இடத்திலும் மூலத்தில் வெவ்வேறு வினைகள். பேதுருவில் வருவது ‘ஸ்திரெப்லோ’, முறுக்குதல். வதைக்கருவியில் ஆளைப் பூட்டி முறுக்குவதற்கும் அதே சொல்தான். கொரிந்தியரில் வருவது ‘தொலோ’, கலப்படம் செய்தல். இரண்டிலுமே குற்றம் சாட்டும் தொனி இருக்கிறது.

எக்ஸிஜீசிஸின் வேர் யோவான் 1:18-இல் வருகிறது. ஒருவனும் கண்டிராத தேவனைக் குமாரன் ‘வெளிப்படுத்தினார்’ என்னுமிடத்தில் உள்ள வினை அதுதான். ‘வெளியே வழிநடத்து’ என்பது சொல்லமைப்பு. அதனால் எக்ஸிஜீசிஸை ‘வெளிப்படுத்தல்’ என்றும், மற்றதை ‘உட்படுத்தல்’ என்றும் வைக்கலாமா?

தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பி, ‘வெளிப்படுத்தல்’ என்றதும் மாணவர்கள் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறப்பார்கள். ‘உட்படுத்தல்’ வேறு வேலையில் இருக்கிற சொல்.

நம் இலக்கணத்தில் இதற்கு ஆயத்தமாக ஒரு பெயர் கிடக்கிறது: தற்குறிப்பேற்றம். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடி இயல்பாக அசைகிறது. இளங்கோவோ ‘வாரல்’ என்று அது கைகாட்டி மறிப்பதாகப் பாடுகிறார். கொடிக்கு அந்த எண்ணம் இல்லை, அது புலவர் ஏற்றிய குறிப்பு. வசனத்தில் இல்லாத குறிப்பை வாசிப்பவர் ஏற்றுவதும் அதே செயல்தானே? பள்ளியில் தமிழ் படித்த எவருக்கும் விளங்கும். ‘தற்குறிப்பேற்ற வாசிப்பு’ என்று அடையாகவும் வரும்.

‘பொருள்கோளை’ மனதார வரவேற்கிறேன். ‘உரை’ என்பதையும் விட்டுவிட வேண்டாம். பொன்னை உரைகல்லில் உரைப்பதும் நூலுக்கு உரை காண்பதும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். உராய், உரிஞ்சு, உரசு என்று அந்தக் குடும்பம் நீளும். பொன்னின் தரமாகிய மாற்றை அறிய உரைப்பதே உரை. ‘வியாக்கியானம்’ என்ற வடசொல்லில் இந்தச் சோதிக்கும் பொருள் கிடையாது.

போதகர்:

ஐயா, தலைமுறை தலைமுறையாக எங்கள் ஜனங்கள் வியாக்கியானம் என்றுதான் கேட்டு வளர்ந்தார்கள். வடமொழி என்பதற்காக அதைத் தள்ளினால் வேதம், ஞானஸ்நானம், நீதிமான், கர்த்தர் எல்லாவற்றையும் தள்ள வேண்டும். பிறகு ஆராதனையில் வாசிக்க என்ன மிஞ்சும்? 1871-இல் வந்த தமிழ் வேத மொழிபெயர்ப்பான திருப்புதலின் வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லித்தான் எங்கள் தாய்மார் ஜெபிக்கிறார்கள்.

தற்குறிப்பேற்றம் அணி. அணி என்றால் அழகு. மாணவன் ஒரு பிழையைச் செய்துவிட்டு அழகு செய்ததாக நினைத்துக்கொள்ள மாட்டானா?

அருட்தந்தை:

1995-இல் திருவிவிலியம் வந்தபோது கத்தோலிக்கர் ‘சர்வேசுரன்’ போன்ற பழைய சொற்களையெல்லாம் என்றோ கடந்து கடவுளுக்கும் ஆண்டவருக்கும் வந்திருந்தோம். அப்போதும் வீட்டில் பழைய செபங்கள் பழைய சொல்லிலேயே தொடர்ந்தன. இரண்டும் ஒரே வீட்டில் வாழும், பாஸ்டர். அந்த அச்சம் வேண்டாம்.

என் கவலை வேறு. வசனத்தில் இல்லாததைச் சேர்ப்பதெல்லாம் பிழையல்ல. நம் உரையாசிரியர்கள் அடிக்கடி சொல் வருவித்து உரைப்பார்கள். ‘அவாய்நிலையான் வந்தது’ என்று பரிமேலழகர் காரணமும் சொல்வார். வாக்கியம் ஒரு சொல்லை அவாவி நிற்கிறது, அதைத் தந்தால்தான் முடிகிறது. அது முறையான வருவிப்பு. வாக்கியம் எதையும் கேட்காதபோது நாம் அவாவியதைக் கொண்டுவந்து வைத்தால்தான் ஐசிஜீசிஸ். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் வெறும் ‘ஏற்றம்’ என்றால், எதையும் சேர்க்காமல் வாசிக்கிறேன் என்று ஒருவர் நம்பிவிடுவார். அப்படி வாசிக்க யாராலும் ஆகாது. ‘மிகைவருவிப்பு’ என்பது என் முன்மொழிவு.

மொழிபெயர்ப்பாளர்:

ஃபாதர் சொன்னதை ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போஸ்தலர் 16:33. பிலிப்பி சிறைச்சாலைக்காரனும் ‘அவனுடையவர்கள் அனைவரும்’ ஞானஸ்நானம் பெற்றார்கள். குழந்தை ஞானஸ்நானம் கொடுப்பவர்கள் இந்த ‘அனைவரில்’ கைக்குழந்தையையும் காண்கிறார்கள். மறுப்பவர்கள், அடுத்த வசனத்தில் வீட்டார் அனைவரோடும் விசுவாசித்தான் என்று இருப்பதால் விசுவாசிக்கும் வயதினர் மட்டுமே என்கிறார்கள். அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், என்ன வயது என்று லூக்கா எழுதவில்லை. இரு தரப்பும் வருவித்திருக்கிறது.

இங்கே ‘வேதப்புரட்டு’ என்று எழுதினால் நான் யாரைச் சொல்வது, பாஸ்டர்? இருவருமே ஜெபத்தோடு வாசித்தவர்கள்.

கிரேக்க மாணவர்:

34-ஆம் வசனம் இன்னும் சிக்கலானது. ‘வீட்டார் அனைவரோடும்’ என்பதற்கு மூலத்தில் ‘பனொய்கெய்’ என்ற ஒரே சொல். அதற்கு முன்னால் ‘மகிழ்ந்தான்’, பின்னால் ‘தேவனை விசுவாசித்தவனாய்’. வீட்டாரோடு மகிழ்ந்தானா, வீட்டாரோடு விசுவாசித்தானா? இலக்கணப்படி இரண்டுக்கும் இடமுண்டு. நம் பழைய திருப்புதலில் அந்தத் தொடர் ‘விசுவாசமுள்ளவனாகி’ என்பதற்கு முன்னால் வந்துவிட்டது. தமிழில் மட்டும் படிப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

தமிழாசிரியர்:

தம்பி, நீங்கள் சொல்வது அப்பட்டமான தாப்பிசை! இடையில் நின்ற சொல் முன்னும் பின்னும் சென்று பொருந்துவது. தாம்பு இசை, ஊஞ்சல் கயிறு. ‘உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண’ என்ற 255-ஆம் குறளில் ‘ஊன்’ இரு பக்கமும் போகிறதே, அதுபோல. ‘பொருள்கோள்’ என்ற சொல்லை எடுத்ததற்கு இதைவிட நியாயம் வேண்டுமா? செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறைகளான பொருள்கோளுக்கு நன்னூலார் எட்டு வகை சொன்னார். தூரத்து வசனங்களைப் பொறுக்கிச் சேர்த்து உபதேசம் கட்டுகிறார்களே, அதைக் கொண்டுகூட்டு என்று இதே வகுப்பில் நடத்தலாம்.

மனுஷன் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் ரோமர் 3:28-ஐயும் சேருங்கள். லூத்தர் 1522-இல் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அங்கே ‘மட்டும்’ என்று ஒரு சொல்லைக் கூட்டினார் என்று சண்டை நடந்தது. 1530-இல் பதில் எழுதி, தம் மொழியின் வழக்கு அதைக் கேட்கிறது என்றார். நம்மவர்கள் தனிச்சொல் எதுவும் கூட்டவில்லை. ‘விசுவாசத்தினாலேயே’ என்று ஓர் ஏகாரத்தில் முடித்துவிட்டார்கள். அந்த ஏகாரம் பிரிநிலையா தேற்றமா? பிரிநிலையானால் லூத்தரின் ‘மட்டும்’ வந்துவிடும். தேற்றமானால் வெறும் உறுதிதான். யாக்கோபு 2:24-இல் ‘விசுவாசத்தினாலே மாத்திரமல்ல’ என்று இருக்கிறது. அதோடு பொருந்தத் தேற்றமாகக் கொள்வதே தகும் என்பேன். தொல்காப்பியர் தேற்றத்தை முதலில் வைத்தார், நன்னூலார் பிரிநிலையை முதலில் வைத்தார். இந்த முறைவைப்புக்கும் காரணம் இருக்க வேண்டும். விரிவாக எழுதுகிறேன்.

அருட்தந்தை:

ஐயா, யாக்கோபோடு பொருந்த வேண்டும் என்ற முடிவோடு ரோமரின் ஏகாரத்தைத் தேற்றமாக்கினால், அதுவும் இந்தப் பாடத்துக்கே எடுத்துக்காட்டாகிவிடுமே. விசுவாசத்தோடு கிரியையும் வேண்டும் என்னும் எங்கள் கத்தோலிக்கத் தரப்புக்கு அது வசதியானது என்பதால்தான் தயங்குகிறேன். முதலில் ரோமரை ரோமரிலிருந்தே கேட்போம்.

தமிழாசிரியர்:

ஒரு நூலின் ஓரிடத்தை மற்றோரிடம் விளக்கும் என்பது உரைமரபு, ஃபாதர். வெளியிலிருந்து கொண்டுவந்தால்தான் ஏற்றம். ஜி.யு. போப் தம் 1886 ஆங்கிலக் குறள் பதிப்பில் குறளுக்குள் கிறித்தவத் தாக்கத்தைக் கண்டாரே, அது ஏற்றம். குறளை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது உலகறிந்தது. புரட்டர் என்று அவரைச் சொல்ல எனக்கு நா எழாது. தற்குறிப்பேற்றம் என்று கூசாமல் சொல்வேன்.

மொழிபெயர்ப்பாளர்:

ஏகாரத்தைத் தனி மடலில் தொடருங்கள், ஐயா. எனக்கு இன்று இரவே பக்கங்களைக் கொடுத்தாக வேண்டும்.

‘மிகைவருவிப்பு’ துல்லியம், ஆனால் வருவிப்பை விளக்கிய பிறகுதான் அது விளங்கும். ‘தற்குறிப்பேற்றம்’ கேட்டதும் பாதி விளங்குகிறது. போப்பையும் லூத்தரையும் நம்மையும் ஒரே அளவில் சொல்ல முடிகிறது. ஐசிஜீசிஸ் செய்பவருக்குப் பெரும்பாலும் அதைச் செய்வது தெரியாது என்பதையும் அது மறுக்கவில்லை. தலைப்பில் அதையே போடுகிறேன். முதல் பத்தியில் அவாய்நிலையையும் வருவிப்பையும் விளக்கி, பிலிப்பி வீட்டைக் காட்டுகிறேன். மாணவரும் ஃபாதரும் சம்மதம் எழுதிவிட்டார்கள்.

போதகர்:

அச்சிடுங்கள் சகோதரி, தடை சொல்லவில்லை. ஆனாலும் என் மறுப்பைப் பதிந்துவைக்கிறேன். தெரியாமல் ஏற்றுகிறவருக்கு உங்கள் சொல் பொருந்தும். தெரிந்தே, காணிக்கைக்காக வசனத்தை முறுக்குகிறவரும் இருக்கிறார். தசமபாகம் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐ வைத்து, இவ்வளவு கொடுத்தால் இத்தனை மடங்கு வரும் என்று ஏழைகளிடம் வாங்குகிறவருக்கு ‘தற்குறிப்பேற்றம்’ என்று அணியின் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பேதுரு அவர்களுக்கு மெல்லிய சொல் தேடவில்லை. பிரசங்க பீடத்தில் நான் புரட்டு என்றுதான் சொல்வேன். உங்கள் இயலிலும் அதற்கு ஒரு வரி இடம் கொடுங்கள்.