பழைய பெஞ்ச் வைஸ்: பெயின்ட் அடித்து விற்பதா, அப்படியேவா?

அப்பாவின் பெஞ்ச் வைஸை (மேஜையில் பொருத்தி, வேலை செய்யும் பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி) விற்கப் போகிறேன். பெயின்ட் விஷயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ரெக்கார்ட் கம்பெனியின் 3-ஆம் நம்பர் மாடல், இங்கிலாந்தில் செய்தது, தாடை அகலம் 4 அங்குலம். கடைசி பத்து வருடம் சும்மாவே கிடந்தது. வார்ப்பில் விரிசலோ வெல்டிங்கோ இல்லை. தாடைத் தகடுகளின் வரிகள் தேய்ந்திருக்கின்றன, கைப்பிடி லேசாக வளைந்திருக்கிறது. ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது. பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கிரீஸ் போட்ட பிறகு ஒரு விரலால் சுற்றினாலே ஓடுகிறது. தகடுகளை ஒரு ராத்திரி வினிகரில் போட்டேன், துரு போய்விட்டது.

சிக்கல் உடம்பில்தான். கம்பெனியின் நீலத்துக்கு மேல் யாரோ பச்சை எனாமலைக் குழைத்து அப்பியிருக்கிறார்கள் (அப்பாவாகத்தான் இருக்கும், வீட்டு ஜன்னலும் அதே பச்சை). அது பாதி உரிந்து, எழுத்துகளின் இடுக்கில் நீலம் எட்டிப் பார்க்கிறது. ஓர் ஓரத்தில் கம்பி பிரஷ் போட்டுப் பார்த்தேன். பச்சையோடு நீலமும் சேர்ந்து வந்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்ப்பதையும் நிறுத்திவிட்டேன்.

பார்க்க வந்த ஒருவர், "புது பெயின்ட் அடித்தால் விரிசலை மறைத்ததாகத்தான் நினைப்பேன்" என்றார். இன்னொருவருக்கு அழுக்காக இருந்ததே பிடிக்கவில்லை.

பழைய வைஸ் வாங்கி விற்றவர்கள் சொல்லுங்கள்: முழுக்க உரித்து நீலம் அடிக்கட்டுமா, எண்ணெய் போட்டுத் துடைத்து இப்படியே கொடுக்கட்டுமா?